குடிக்காதவன் முகம் சிவந்த கதை

எனக்கு வயது நாற்பத்தாறு. இதுநாள்வரை ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நாலு மாதம் இதைச் சொல்லித்தான் என் பொழுது போனது, ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாதவர்கள்மேல் குற்றமும் இல்லை. புதுச்சேரிக்குத் தெற்கே, எங்கள் பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் டீக்கடைக்கு வழி கேட்டால்கூட ஒயின் ஷாப்பை அடையாளம் வைத்துத்தான் வழி சொல்வார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவன், சிவந்த மூஞ்சியோடு நின்றுகொண்டு, குடிக்க மாட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

என் பெயர் கலியபெருமாள். செலியமேட்டில் வீடு. பத்தொன்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், அதில் கடைசி எட்டு வருஷம் ஒரு பள்ளிக்கூட வேன். காலையில் செலியமேடு, பாகூர், கிருமாம்பாக்கம் என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலூர் ரோட்டில் வடக்கே போக வேண்டும். சாயங்காலம் அதே பிள்ளைகளைத் தெற்கே கொண்டுவந்து விட வேண்டும்.

ஆரம்பத்தில் வலது கன்னத்தில் டீ சிந்திக் காய்ந்ததுபோல ஒரு கறை. என் மனைவி தேவகிதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாங்க, மூஞ்ச கழுவலியா? கிரீஸ் ஒட்டிக்கினு கீது பாரு."

கழுவினேன். போகவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தேன். சுற்றியிருந்த இடம் எரிந்தது, கறை அப்படியே இருந்தது. ஆறு மாதத்தில் அது மூக்குத்தண்டுக்கு ஏறி, இடது கன்னத்திலும் கொஞ்சம் இறங்கியது. பால் சொசைட்டியில் பார்த்தவர்கள் மங்கு என்றார்கள். சிலர் மங்கு சனி என்று சனீஸ்வரனை உள்ளே இழுத்தார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். டீக்கடையில் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"டேய் கலியா, இது பொம்பளைங்களுக்கு முழுவாம இருக்கும்போது வர்றதாச்சே. உனக்கு எத்தினி மாசம்டா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் நேராக ஒரு மருந்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மங்குக்கா? வூட்ல அக்காவுக்கா?" என்றார்.

"ஆமா, அவளுக்குத்தான்" என்றேன். டாக்டர் சீட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. சீட்டு வேண்டும் என்று எனக்கும் தெரியாது. சின்னதாக ஒரு ட்யூப் கொடுத்தார்.

ஆம்பிளை முகத்துக்குக் கிரீம் பூசுகிறான் என்று வெளியே தெரிந்தால் டீக்கடையில் அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ட்யூபை வேனில் இருந்த முதலுதவிப் பெட்டிக்குள், பஞ்சுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் பிள்ளைகளை விட்டுவிட்டு, வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பத்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்து பூசிக்கொண்டுதான் இறங்குவேன்.

மூன்று வாரத்தில் மங்கு மாயமானது. கறை மட்டும் அல்ல, வெயிலில் கறுத்த முகமே வெளுத்தது. எந்த டீக்கடையில் மாசம் கேட்டார்களோ அதே கடையில், "கலியா, இன்னாடா மாப்ள மாதிரி ஆயிட்ட?" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ட்யூப் தீரத் தீர வாங்கினேன்.

மூன்றாம் மாதம் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போனபோது கிரீம் பூசவில்லை. முகம் அரித்தது, எரிந்தது. திரும்பி வந்து பூசியதும் அடங்கியது. நல்ல மருந்து, அதனால்தான் அடங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கன்னத்தில் சிவப்பு நூல்போல மெல்லிய கோடுகள் ஓடின. மூக்கு பழுத்தது. தாடையில் பொடிப்பொடியாகப் பருக்கள். வெயில் பட்டால் முகம் முழுக்க ஜிவுஜிவு என்று சிவந்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் விடிந்ததிலிருந்து குவார்ட்டர் குவார்ட்டராகப் போட்டவன் முகம் என்னைப் பார்த்தது.

தேவகியின் அப்பா குடித்தே செத்தவர். என்னைப் பெண் பார்க்க வரச் சொன்னபோது அவள் வைத்த ஒரே நிபந்தனை குடிக்கக் கூடாது என்பதுதான். அப்படிப்பட்டவள், புருஷன் தினமும் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பத்து நிமிஷம் கழித்துச் சிவந்த முகத்தோடு இறங்குவதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? நான் உள்ளே வந்ததும் ஏதாவது ஒரு சாக்கு வைத்து முகத்தருகே வந்து மூச்சை இழுப்பாள். சட்டையில் பட்டன் விழுந்திருக்கிறது என்பாள். காதில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்பாள். வயதான காலத்தில் பாசம் கூடிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில்தான் வெடித்தது. கிருமாம்பாக்கத்தில் ஏறும் இரண்டு பிள்ளைகளின் அம்மா சங்கீதா, "வேன் டிரைவர் காலையிலேயே போதையில் வருகிறார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஊதிப் பார்க்கும் மிஷின் அங்கே கிடையாது. அதனால் வாசனை தெரிந்த ஒருவர் வேண்டும் என்று பி.டி. மாஸ்டரை வரவழைத்தார்.

பி.டி. மாஸ்டர் என்னை வாயைத் திறந்து ஊதச் சொன்னார். ஊதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். இன்னொரு தடவை ஊதச் சொன்னார்.

"சார், வாசனை வருது. ஆனா பழைய வாசனை. நேத்து ராத்திரி சரக்கு" என்றார்.

"அது நான் இல்ல சார்" என்றேன். "மாஸ்டர் கொஞ்சம் தள்ளி நின்னா தெரிஞ்சுடும்."

மேனேஜர் மாஸ்டரைத் தள்ளி நிற்கச் சொன்னார். வாசனையும் அவரோடேயே தள்ளிப் போனது. மேனேஜருக்கு விஷயம் புரிந்தது. ஆனால் என் முகத்தையும் பார்த்தார் இல்லையா? "கலியபெருமாள், புள்ளைங்க சமாச்சாரம். டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிக்கினு வா. அதுவரைக்கும் வேற டிரைவர் போட்டுக்கறேன்" என்றார். எட்டு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழ விட்டதில்லை. வண்டிச் சாவியை மறுநாள் ஒப்படைக்க வேண்டும் என்றார்.

வீட்டில் சொன்னேன். தேவகி பக்கெட்டில் தண்ணீரும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு, "வண்டிய சுத்தமா ஒப்படைக்கணும்ல" என்று வெளியே போனாள். அவள் பாட்டிலைத் தேடுகிறாள் என்பது அவள் சீட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. டூல் பாக்ஸ், ஸ்டெப்னி, பாய்க்கு அடியில் எல்லாம் பார்த்தாள். கடைசியில் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பஞ்சைத் தூக்கினாள். பிதுக்கிப் பிதுக்கிச் சப்பையாகிப்போன ஏழு ட்யூப்கள்.

ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். எங்கள் மகள் நிவேதா பி.காம். படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டு ட்யூபில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னாள்.

"ஸ்கின் கிரீம்மா. முகம் வெளுக்கப் போடறது."

தேவகி என்னைப் பார்த்தாள். பக்கெட்டைக் கீழே வைத்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வேன் படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது.

"யோவ்! சாராயம் குடிச்சிருந்தாகூட ஊருல நாலு பேருகிட்ட சொல்லி அழுவலாம். இத நான் யாருகிட்டய்யா போய் சொல்லுவேன்?"

ஏழு ட்யூப்களையும், புதிதாக வாங்கியிருந்த எட்டாவதையும், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குப்பைக்குழியில் வீசினாள். அது சரிதான். ஆனால் அப்படித் திடீரென்று நிறுத்தினால் முகம் என்ன செய்யும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

மூன்றாம் நாள் முகம் அடுப்பில் வைத்ததுபோல எரிந்தது. தேவகிக்கு மனசு கேட்கவில்லை. பச்சை மஞ்சளை அரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, குளிர்ச்சி என்று சொல்லி முகம் முழுக்க அப்பிவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் கொட்டகையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. கன்னத்தில் நீர் வடிந்தது. மஞ்சள் நிறம் வேறு.

நிவேதாவின் துப்பட்டாவால் என் முகத்தை மூடி, கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினார்கள். கூட்டம். யாரோ ஒருவர் எழுந்து, "நீங்க உக்காரும்மா" என்றார். யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல் நின்றேன். தேவகி என் காதில், "உன்னத்தான். உக்காரு, வாயத் தொறக்காத" என்றாள். புதுச்சேரி வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் ஓ.பி. காத்திருக்கும் இடம் மற்றக் காத்திருப்பு இடங்களைப்போல இருக்காது. பெஞ்சில் இடம் இருந்தாலும் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் கைகால்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, நம்முடையது தேவலை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் துப்பட்டாவை எடுத்ததும் அந்தப் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் நிம்மதி கிடைத்தது என்று நிவேதா பிறகு சொன்னாள்.

டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். முகத்தைத் தொடாமல், ஒரு விளக்கை வைத்துப் பார்த்தார். "எத்தனை மாசமா கிரீம் போட்டீங்க?" என்றார். கிரீம் என்று நாங்கள் சொல்லவே இல்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். அந்த ட்யூபில் மூன்று மருந்து கலந்திருக்கிறது. ஒன்று நிறத்தைக் குறைக்கும், ஒன்று தோலை உரிக்கும், மூன்றாவது ஸ்டீராய்டு. டாக்டர் பார்த்து, கொஞ்ச நாளைக்கு என்று கணக்கு வைத்துக் கொடுத்தால் அது மருந்து. மாதக்கணக்கில் நாமாகப் பூசினால் ஸ்டீராய்டு முகத்தோலை வெங்காயச் சருகுபோல மெலிதாக்கிவிடும். உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் வெளியே தெரியும். அதுதான் சிவப்பு. தோல் அந்த மருந்துக்குப் பழகிப்போய், நிறுத்தினால் சண்டைக்கு வரும். அதுதான் எரிச்சல்.

"குடிகாரனுக்குச் சரக்கு நிறுத்தினா கை நடுங்குற மாதிரியா டாக்டர்?" என்று தேவகி கேட்டாள்.

"கிட்டத்தட்ட" என்றார் டாக்டர். ஊரில் கெட்ட பெயர் போதாதென்று ஆஸ்பத்திரியிலும் அதே உவமை.

மெலிந்த தோலில் எலுமிச்சை பட்டு வெந்து, சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்ததால் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து நாள். ரத்தம் எடுத்தார்கள். முகத்தில் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பூஞ்சையோ கண்ணுக்குத் தெரியாத பூச்சியோ இருக்கிறதா என்று பார்த்தார்கள். பூச்சி என்று காதில் விழுந்ததும் தேவகி தன் முகத்தைச் சொறிய ஆரம்பித்தாள். நல்லவேளை, இரண்டும் இல்லை.

படிக்கிற டாக்டர் பிள்ளைகள் கூட்டமாக வந்து கேள்வி கேட்டார்கள். அதில் ஒருத்தி, "குடிப்பீங்களா?" என்றாள்.

"இல்லம்மா."

"எவ்வளவு நாளா இல்ல?"

"பொறந்ததுலேர்ந்து."

கட்டிலில் தொங்கிய கேஸ் அட்டையில் அவள் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது. எனக்குக் கண் தெரியாதே, அவர்கள் போனதும் நிவேதாவைப் படிக்கச் சொன்னேன்.

"'குடிப்பதை மறுக்கிறார்'னு எழுதியிருக்காங்கப்பா."

எனக்கு எழுந்து உட்காரத் தோன்றியது. மறுக்கிறார்! எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள், அது வழக்கம் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். அப்புறம் போட்டோ எடுத்தார்கள். முன்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம். என் கல்யாணத்தில்கூட என்னை அத்தனை போட்டோ எடுத்ததில்லை.

நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை முகத்தில் போடுவார்கள். அதற்குமேல் வாசலின். அந்த வார்டில் எல்லாருக்கும் வாசலின்தான். படுக்கைக்குப் படுக்கை நாங்கள் எண்ணெயிலிருந்து எடுத்த வடைபோலப் பளபளவென்று கிடந்தோம். தலையணை வழுக்கும். நர்ஸ் சிஸ்டர் எங்கள் கையில் மாத்திரையைக் கொடுத்தால் அதுவும் வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் ஓடும்.

பக்கத்துக் கட்டிலில் உறுவையாறு என்ற ஊர்க்காரர் ஒருவர், பலராமன் என்று பெயர். கரும்பு போடுகிறவர். உடம்பெல்லாம் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ், இருபது வருஷமாக. ஒட்டாத நோய். என் கதையை முதலிலிருந்து கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

"உன்ன குடிகாரன்னாங்க. என்ன குஷ்டம்னாங்க. என் தம்பி பொண்ணு கல்யாணத்துல எனக்குத் தனியா எல போட்டாங்கப்பா. கடேசில, கொல்லப்பக்கம். உனக்கு ஆறு மாசத்துல மூஞ்சி தெளிஞ்சிடும். போயிட்டு, தெளிஞ்ச மூஞ்சோட நாலு பேருகிட்ட சொல்லு, தோலு வியாதி இன்னான்னு."

என் கண் வீங்கி மூடியிருந்ததில் ஒரு வசதி, அப்போது நான் கண் கலங்கியது அவருக்குத் தெரிந்திருக்காது.

தேவகி ஐந்து நாளும் கூடவே இருந்தாள். பக்கத்து வீட்டில் சொல்லி மாட்டைப் பார்த்துக்கொள்ளச் செய்திருந்தாள். இட்லியை விண்டு விண்டு ஊட்டுவாள். வாயை அகலத் திறந்தால் கன்னம் வெடிக்கும் என்பதால் குருவிக்குஞ்சுக்கு ஊட்டுவதுபோல ஊட்ட வேண்டும். மூன்றாம் நாள் என் இடது கண் திறந்தது. முதலில் தெரிந்தது அவள் முகம். அழுதிருந்தாள்.

"எங்கப்பன நெனச்சிக்கினு உன்ன மோந்து மோந்து பாத்தேன்" என்றாள்.

"ஒரு நாளாச்சும் நாத்தம் வந்துதா?"

"வரல. அதான் பயமே. எங்கப்பன் ஏலக்கா மென்னுட்டு வருவான். நீ இன்னாத்த மெல்றன்னு எனக்குக் கண்டுபுடிக்க முடியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீக்கடைக்காரர்கள் சிரித்துவிடுவார்கள் என்று பயந்து, இவளை நாலு மாதம் அழ வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அதில் ஒரு விள்ளல் இட்லியை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, நான் குடிகாரன் இல்லை என்று எழுதித் தரும்படி டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நான் தோல் டாக்டர். முகம் ஏன் சிவந்ததுன்னுதான் எழுத முடியும்" என்று அதையே எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் சோதனைக்காலம். முகம் ஒரு நாள் தெளியும், ஒரு நாள் கொதிக்கும். ஸ்டீராய்டு இல்லாத ஒரு களிம்பு கொடுத்தார்கள். முதல் வாரம் அது மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் தடவியதுபோல இருக்கும், பிறகு பழகிவிடும். அடங்கிய பிறகு ஒரு நாள் இருட்டறையில் உட்கார வைத்து, ஊதா விளக்கில் பார்த்தார்கள். மங்கு தோலின் மேற்பரப்பில் இருக்கிறதா, ஆழத்தில் இருக்கிறதா என்று அதில் தெரியுமாம். எனக்கு இரண்டும் கலந்து. அதாவது மங்கு திரும்பி வந்துவிட்டது. அத்தனை பாடும் பட்டு, ஆரம்பித்த இடத்திலேயே நின்றேன்.

"வலதுபக்கம் ஏன் அதிகம்னு யோசிச்சிருக்கீங்களா?" என்றார் டாக்டரம்மா. "காலையில வடக்கே போறீங்க, சூரியன் கிழக்கே. சாயங்காலம் தெற்கே வர்றீங்க, சூரியன் மேற்கே. ரெண்டு வேளையும் டிரைவர் ஜன்னல் வழியா ஒரே கன்னத்துல அடிக்குது."

பத்தொன்பது வருஷம் அந்தப் பக்கமே உட்கார்ந்தவனுக்கு இது தோன்றவில்லை. ஆம்பிளைக்கும் மங்கு வரும், வெயில்தான் பெரிய காரணம், முழுசாகப் போகும் என்று சத்தியம் செய்ய முடியாது, குறைக்கலாம் என்றார். வெயில் தடுக்கும் சன்ஸ்கிரீன் காலையில் ஒருதரம், பகலில் ஒருதரம். ராத்திரிக்கு மிதமான ஒரு கிரீம். அவரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது.

முகம் ஓரளவு அடங்கியதும் சான்றிதழை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புகார் பெற்றோர் தரப்பிலிருந்து வந்தது, அதனால் பெற்றோர் கூட்டத்திலேயே படித்துவிடலாம் என்றார் மேனேஜர். இங்கிலீஷில் இருந்ததை அப்படியே படித்தார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஸ்டீராய்டு என்ற ஒரு சொல் மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "டிரைவரு ஜிம்முக்குப் போறாரா சார்?" என்றார்.

இனி நானே சொல்லாவிட்டால் வேலை போய்விடும். எழுந்தேன். "நான் குடிக்கலைங்க. மூஞ்சி வெளுக்கணும்னு கிரீம் பூசினேன். பொம்பளைங்க பூசற கிரீம். மறச்சி வெச்சிப் பூசினேன். அது என் மூஞ்ச பொசுக்கிடுச்சி. அவ்ளோதாங்க" என்றேன்.

சிரிப்பு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். வரவில்லை. அப்பாக்கள் இரண்டு பேர் கனைத்ததோடு சரி. பிறகு அம்மாக்கள் பக்கம், நடு வரிசையிலிருந்து ஒரு குரல், "அண்ணே, எத்தினி நாள் பூசினா அப்படி ஆவும்?" என்று கேட்டது. "டாக்டரு எந்தக் கெழம பாப்பாங்க?" என்றது இன்னொரு குரல். மேனேஜர் கூட்டத்தை அவசரமாக முடித்தார். மறுநாள் வண்டிச் சாவி என் கைக்கு வந்தது.

கிருமாம்பாக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிவிட்ட சங்கீதா, கதவைச் சாத்தாமல் என் ஜன்னலுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நான் முகத்தைத் தயார்செய்து வைத்துக்கொண்டேன். அவர் முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார். கன்னத்தில் அதே சிவப்பு நூல்.

"ஒரு வருஷமாண்ணே" என்றார் மெதுவாக. "அவருக்குத் தெரியாது. நீங்க சிவப்பா வந்தப்ப எனக்குச் சந்தேகமே வரல பாருங்க, குடின்னுதான் நெனச்சேன்."

"நீங்களா நிறுத்தாதீங்கம்மா, என்ன மாதிரி வீங்கிடும். டாக்டர்கிட்ட போங்க. எங்க வூட்டுக்காரிய வரச் சொல்றேன்" என்றேன்.

தேவகி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் புருஷன குடிகாரன்னு எழுதிக் குடுத்தவ கூட நான் போவணுமா?" என்றாள். பிறகு போனாள். பஸ்ஸில் போகும்போது இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். திரும்பும்போது ஒரே சீட்டில். இப்போது தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் சொல்வதில்லை. ஆனால் காலையில் வேன் கிருமாம்பாக்கத்தில் நின்றால், சங்கீதா பிள்ளைகளை ஏற்றிவிட்டுப் போய்விடுவதில்லை. என் ஜன்னலுக்கு வந்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பச் சொல்லிப் பார்க்கிறார்.

"காதாண்ட பூசவே இல்லியேண்ணே. அக்கா சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. எடுங்க அந்த ட்யூபை."

பின்னாலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகளும் எட்டிப் பார்க்க, நட்டநடு ரோட்டில், நான் சன்ஸ்கிரீனை எடுத்துக் காதுவரை பூசிக்கொள்கிறேன். கடலூர் பஸ் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிறது. சங்கீதா கையைக் காட்டி அதை நிற்கச் சொல்கிறார்.